முடிவு பார்க்காத படங்கள்

"எழும்பு, நேரமாச்சு" என்று தியேட்டர் இருட்டில் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

திரையில் படம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. விமான நிலையத்தில் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். பின்வரிசையில் யாரோ "ஸ்ஸ்" என்றார்கள். ஏசிக் குளிருக்கு அக்கா சீலைத் தலைப்பால் தலையை மூடியிருந்தாள். என்னைப் பிடித்த கையில், காலையில் இரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டிய பஞ்சு இன்னும் இருந்தது.

"எங்க போறீங்கள்? படம் முடியேல்லை."

"முடிஞ்சாப் பிறகு போனா லாஞ்சு நிக்குமே?"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். லாஞ்சு என்கிற மோட்டார் படகில் குடாவைக் கடந்து ஊருக்குப் போன காலமெல்லாம் போய்விட்டது. இப்போது கிண்ணியாப் பாலத்தால் பஸ் போகிறது, இருட்டினாலும் போகிறது. அன்று காலையில் அக்காவும் பஸ்ஸில்தான் வந்தாள். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் எழும்பி நின்றுவிட்டாள். வரிசையில் இருந்தவர்களின் கால்களை மிதித்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்தோம்.

போன கிழமை இந்தத் தொடரில் எங்கள் வீட்டுக் கிணற்றுச் சண்டையை எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு, என்னோடு கந்தோரில் வேலை செய்த பழைய சிநேகிதி ஒருத்தி ஃபோன் எடுத்தாள். "எல்லா அத்தியாயத்திலயும் உன்ர அக்கா வாறா, பகிடி விட்டுச் சிரிக்க வைக்கிறா, போறா. இப்ப எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டாள். நான் வழக்கம்போலக் கதையை மாற்றி, அவளுடைய மருமகளைப் பற்றி விசாரித்தேன். அந்தக் கதை தொடங்கினால் சிநேகிதிக்கு வேறொன்றும் ஞாபகம் வராது.

ஆனால் எத்தனை கிழமைக்குத்தான் கதையை மாற்றுவது? இந்தக் கிழமை சொல்லிவிடுகிறேன். அக்கா இல்லை. கிணற்றடியில் வாளியைத் தூக்கி எறிந்த அந்தச் செல்வமலர் போய்விட்டாள். நான் எழுதும்போது மட்டும் அவளைப் பகிடி விட வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்களுக்குப் பட்டணம்

திருகோணமலையைப் பெரிய பட்டணம் என்று சொன்னால் கொழும்பில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கட்டைபறிச்சானில் பிறந்த எங்களுக்கு, குடாவுக்கு அந்தப் பக்கம் தெரிகிற விளக்கெல்லாம் பட்டணம்தான். ஊரில் இரவானால் தவளையும் நாயும் மட்டும் சத்தம் போடும். அங்கே தெருவில் ஆட்கள் காரணமில்லாமல் நடந்து திரிவார்கள் என்று கேள்விப்பட்டதே எங்களுக்கு அதிசயமாக இருந்தது.

மாதத்தில் ஒரு ஞாயிறு அப்பா எங்களை டவுனுக்குக் கூட்டிப்போவார். மூதூர் ஜெட்டி என்ற படகுத் துறையில் லாஞ்சு ஏறவேண்டும். உள்ளே டீசல் மணமும் கருவாட்டு மணமும் ஒன்றாக அடிக்கும். காலில் கயிறு கட்டிய கோழிகள் கதிரைக்குக் கீழே கிடந்து முழிக்கும். துறைமுக வாய் நெருங்கும்போது லாஞ்சு ஒரு ஆட்டம் ஆடும். அப்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். அக்கா கம்பியைப் பிடித்து எழும்பி நிற்பாள்.

இறங்கினால் முதலில் கப்பல் பார்ப்பது. பிறகு கூல் பாரில் ஆளுக்கொரு ஐஸ்கிரீம். பிறகு டச்பே கடற்கரை, கச்சான் கடலை, கோட்டை வாசலில் மான். இந்த மான்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வெளியூர்க்காரர் அவற்றைப் பார்த்து உருகுகிறார்கள். எங்களுக்கு அவை சரியான களவாணிகள். சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரைப் பசைக்காக எட்டிய மட்டும் தின்றுவிடும். கதாநாயகனின் தலை மிஞ்சும், படத்தின் பெயர் மானின் வயிற்றுக்குள் போய்விடும். "இண்டைக்கு என்ன படம்?" என்று அப்பா டிக்கட் கொடுப்பவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

மத்தியானப் படம் இரண்டரைக்குத் தொடங்கும். கடைசி லாஞ்சு ஐந்து மணிக்கு. இருட்டுவதற்கு முதல் அக்கரை சேர்ந்துவிட வேண்டும் என்பது கட்டாயம். பிந்திய காலங்களில் கடலில் கடற்படையின் கெடுபிடியும் சேர்ந்துகொண்டது. ஆகவே படம் எந்த இடத்தில் நின்றாலும் நாலரைக்கு அப்பா எங்களை எழுப்பிவிடுவார். நாங்கள் மட்டுமில்லை. தியேட்டரில் நாலரைக்கு வரிசை வரிசையாக ஆட்கள் எழும்புவார்கள். டவுன்காரர் சலித்துக்கொள்வார்கள், "மூதூர் லாஞ்சுக்கு நேரமாச்சுப் போல" என்று.

எனக்குத் தெரிந்து, வில்லன் சாகாத படங்களைப் பார்த்தே எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறை வளர்ந்தது.

லாஞ்சில் சொன்ன முடிவுகள்

திரும்பி வருகிற லாஞ்சில் ஒரே புலம்பலாக இருக்கும். அவன் செத்தானா, அவள் சேர்ந்தாளா, நீதவான் என்ன தீர்ப்புச் சொல்லியிருப்பார். ஒரு நாள் அக்கா, அப்போது பாவாடை சட்டை போடுகிற வயது, "நான் சொல்றன்" என்று சொன்னாள். சொல்லியும் விட்டாள். பார்த்த படத்தை விட அது நன்றாக இருந்தது என்று அப்பாவே ஒப்புக்கொண்டார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. லாஞ்சு ஜெட்டியை விட்டு விலகியதும் சுக்கானைப் பிடித்திருக்கும் லத்தீபு நானா திரும்பாமலே குரல் கொடுப்பார். மூதூர் முஸ்லிம், எங்களுக்கு அண்ணன் முறையில் நானா, பெரிய மீசை, எந்த வெயிலிலும் தொப்பி கழற்றமாட்டார்.

"தங்கச்சி, இண்டைக்கு என்ன முடிவு?"

அக்காவின் முடிவுகளில் நியாயம் எதுவும் இருக்காது. சண்டைக்கு வந்த வில்லனுக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்துவிடும். பஸ்ஸைத் தவறவிட்டதால் கதாநாயகி தப்பிவிடுவாள். தொடக்கத்திலேயே செத்துப்போன தகப்பன், வவுனியாவில் பலசரக்குக் கடை வைத்துக்கொண்டு இருப்பார். யாரும் சாகமாட்டார்கள், யாரும் தொலையமாட்டார்கள். கடைசி வசனம் மட்டும் ஒருநாளும் மாறாது.

"பிறகென்ன, எல்லாரும் வீட்ட போய்ச் சோறு திண்டதுகள்."

லாஞ்சே சிரிக்கும். நான் சிரிக்கமாட்டேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே சரி என்றால் சரி, பிழை என்றால் பிழை. "படத்தில அப்பிடியே வரும்? நீங்கள் சும்மா புளுகுறீங்கள்" என்று சண்டைக்குப் போவேன். "உனக்கு உண்மை வேணுமெண்டா இறங்கி நீந்திப் போய்ப் பார்" என்பாள் அக்கா. பின்னால் நான் படித்து, கந்தோரில் வேலை எடுத்து, லிங்கநகரில் கலியாணமும் செய்து டவுன்காரி ஆனபோது முதலில் செய்த வேலை, ஒரு படத்தை முழுதாகப் பார்த்ததுதான். பெரிதாக ஒன்றும் இல்லை. சுபம் என்று போட்டார்கள், விளக்கு எரிந்தது, சனம் செருப்பைத் தேடியது.

அக்காவுக்கு அந்த ஆசையே வரவில்லை. ஊரில் டீவி வந்த பிறகும் படத்தின் கடைசி அரைமணித்தியாலத்துக்கு அவளுக்குக் குசினியில் வேலை வந்துவிடும். "என்ன, கறி அடிப்பிடிக்குதோ?" என்று நான் கத்துவேன்.

நடுவில் வந்த யுத்த வருஷங்களை இந்தத் தொடரில் வேறு இடங்களில் எழுதியிருக்கிறேன். லாஞ்சு நின்றது. ஊரே இடம்பெயர்ந்தது. அத்தான் முகாமில் காய்ச்சலில் போனார். அக்கா மகள் சுதாவோடு திரும்பிப் போய்க் கூரை இல்லாத வீட்டைக் கூட்டினாள். பாலங்கள் வந்தன. பாலம் வந்த பிறகு லாஞ்சை யார் தேடினார்கள்?

லத்தீபு நானாவை அதற்குப் பிறகு ஒரு நாள் மூதூரில் கண்டோம். சின்னத் தேத்தண்ணிக் கடை போட்டிருந்தார். பிளேன்டீ தந்துவிட்டு, ஒரு பெரிய குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அந்தப் படங்கள்ற முடிவெல்லாம் எனக்குத் தெரியும் தங்கச்சி. எஞ்சின் வேலைக்கு லாஞ்சை டவுனில கட்டுற நாளில நான் ரெண்டாவது காட்சி பார்த்திருவன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பின்ன ஏன் நானா ஒவ்வொரு நாளும் இவவைக் கேட்டீங்கள்?"

"உண்மை முடிவில ஆள் சாகுதே. நான் கடல்ல லாஞ்சு ஓட்டுற மனுசன். எனக்கு எல்லாரும் வீட்ட போற முடிவுதான் வேணும்."

அக்கா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி புரைக்கேறியது.

ஆஸ்பத்திரியால் நேரே வீட்டுக்குப் போகக்கூடாது

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் முடிந்த அடுத்த வருஷம் அக்காவின் வயிற்றுக்குள் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் வரவேண்டும், மருந்து ஏற்றவேண்டும். விடிய பஸ் எடுத்து வருவாள். நான் ஸ்கூட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

முதல் நாளே அக்கா ஒரு சட்டம் போட்டாள். "ஆஸ்பத்திரியால நேர வீட்ட போகக்கூடாது. நோய் வருத்தம் பின்னால வந்திடும். எங்கயாவது போய்ச் சுத்திப்போட்டு, அது வழி தவறினாப் பிறகுதான் போகவேணும்."

யார் சொன்னது என்று கேட்டேன். "நான்தான்" என்றாள்.

அப்படித்தான் எங்கள் ஊர்சுற்றல் திரும்பத் தொடங்கியது. ஒரு கிளினிக்குக்குக் கோட்டை. ஒரு கிளினிக்குக்கு டச்பே, இறால் வடை. ஒரு தடவை பெரிய சுப்பர் மார்க்கட்டுக்குப் போய் ஏசிக்குள் நின்று அப்பிள்களை ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்த்துவிட்டு, ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு வந்தோம். வாசலில் நின்ற காவல்காரர் எங்கள் பையை ஏன் அப்படி உற்றுப் பார்த்தார் என்று அக்காவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, சொல்லவில்லை.

மருந்து ஏற்றி அக்காவின் கொண்டை போனது. முழங்கால் வரை பின்னல் போட்டவள் அவள். நான் அழுதுகொண்டு ஹெல்மெட்டை நீட்ட, வாங்கிப் போட்டுப் பார்த்தாள். "முந்திக் கொண்டையில மாட்டுப்படும். இப்ப நல்லா இறங்குது" என்றாள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். பொலிஸ்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவளுக்கு ஸ்கூட்டியில் இருக்க ஏலாமல் போனது. ஓட்டோ பிடித்தோம். பிறகு கடற்கரை மணலில் நடக்க ஏலாமல் போனது. ஓட்டோவுக்குள்ளேயே இருந்து கச்சான் கொறித்தோம். ஐஸ்கிரீம் வான் பாட்டுப் போட்டுக்கொண்டு போகும், பிள்ளைகள் காற்றடைத்த கோட்டையில் துள்ளும், பட்டங்கள் ஏறும். அக்கா அதையெல்லாம் விலை கொடுத்து வாங்கியதுபோல ஒவ்வொன்றாகப் பார்ப்பாள்.

கடைசிக் கிளினிக் நாளில் அக்காவை இரத்தம் எடுக்கக் கூட்டிப்போன நேரம் பார்த்து டொக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். இளம் பெண். மேசையில் இருந்த ஸ்கேன் படத்தை எனக்குக் காட்டவில்லை, கவிழ்த்து வைத்தார்.

"இனி மருந்து ஏத்துறதால பிரயோசனம் இல்ல அம்மா. அவங்களுக்கு வேதனைதான் கூடும். வீட்டில வைச்சு சந்தோசமாப் பாருங்க. நோவுக்கு நாங்க மருந்து தாறம்."

"எவ்வளவு காலம்?"

அவர் சொன்னார். நான் அதை இங்கே எழுதப்போவதில்லை.

"அவங்களுக்கு நாங்க சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்றன்" என்றேன். வெளியே வந்தபோது அக்கா மர வாங்கில் உட்கார்ந்தபடி, பக்கத்தில் இருந்த கிண்ணியாப் பெண்ணிடம் கத்தரிக்காய்ப் பால்கறி வைப்பது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை. இந்தமுறை மருந்து ஏத்தத் தேவையில்லையாம்."

"அப்ப நேரம் இருக்கு" என்றாள் அக்கா. "படத்துக்குப் போவமே?"

சிரிப்புப் படம்

வீட்டில் இவருக்கு ஃபோன் எடுத்து, நல்ல படம் எது ஓடுகிறது என்று கேட்டேன். இவர் ஃபோனிலேயே தேடிப் பார்த்து, "சிரிப்புப் படமாம், கொமடிக்காரன் எல்லாம் நிக்கிறான்" என்றார். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியும் இவர் சொல்லை நம்பலாமா என்று எனக்குத் தெரியாமல் போனது என் தவறுதான்.

என் மனதில் ஒரு கணக்கு இருந்தது. படம் பார்க்கட்டும், முழுதாகப் பார்க்கட்டும். வாழ்நாளில் ஒரு படத்தின் முடிவையாவது பெரிய திரையில் காணட்டும். பிறகு லிங்கநகரில் என் வீட்டில் ஏசி அறையில் படுக்க வைத்துக்கொண்டு, மெல்லச் சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு கட்டைபறிச்சானுக்கு அனுப்புவதே இல்லை என்றும் தீர்மானித்துவிட்டேன். ஆஸ்பத்திரி கிட்ட, வசதி கூட. யாரையும் கேட்காமல் தீர்மானிப்பதில் நான் கெட்டிக்காரி.

இடைவேளை வரைக்கும் சிரிப்புத்தான். வெளிநாட்டில் முதலாளியிடம் மாட்டிக்கொண்ட ஒரு பெடியனின் அல்லாட்டம். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள், சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இடைவேளைக்கு ரோல்ஸும் சோடாவும் வாங்கினோம். ரோல்ஸில் அவள் அரைவாசி சாப்பிட்டதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு ஊரில் அந்தப் பெடியனின் தாய்க்கு வருத்தம் வந்துவிட்டது. படுத்த படுக்கை. மகனோ வர ஏலாமல் தவிக்கிறான். எனக்கு முள்ளில் இருப்பதுபோல இருந்தது. இவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். பக்கவாட்டில் பார்த்தால் அக்கா கண் வெட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் மாறி மாறி விழுந்தது. கன்னம் எப்போது இவ்வளவு வற்றியது என்று நினைத்தேன்.

மகன் விமான நிலையத்தில் ஓடினான். தாய் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அப்போதுதான் அக்கா என் கையைப் பிடித்தாள், நேரமாச்சு என்று.

அந்தப் படம் எப்படி முடிந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். ஒருநாள் சொல்ல வாயெடுத்தார், நான் முறைத்த முறைப்பில் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஜெட்டி

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. ஓட்டோக்காரரிடம் அக்காவே சொன்னாள், "ஜெட்டிக்கு விடுங்கோ."

"அக்கா, அங்க இப்ப லாஞ்சு இல்லை."

"தெரியும். எனக்கென்ன மூளையிலயே கட்டி?"

ஜெட்டிப் பக்கம் வெறுமையாக இருந்தது. இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றார்கள். உள்துறைமுகத்துத் தண்ணீர் எண்ணெய் பூசியதுபோல அசையாமல் கிடந்தது. தூரத்தில் கோதுமை மாவு ஆலைக்குப் பக்கத்தில் ஒரு கப்பல். சிமெந்துத் திண்ணையை என் சீலைத் தலைப்பால் துடைத்து அக்காவை இருத்தினேன். நானும் இருந்தேன்.

"முடிவு சொல்லட்டே?" என்றாள் அக்கா.

அத்தான் போன பிறகு அவள் ஒரு படத்துக்கும் முடிவு சொன்னதில்லை. நான் தலையாட்டினேன்.

"அந்தப் பெடியன் வந்து சேரான். பிளேன் பிந்தீடும். தாய் செத்துப்போவா."

"உங்கட முடிவில ஒருத்தரும் சாகிறேல்லையே?"

"இதில சாகிறா." அவள் குரல் சாதாரணமாக இருந்தது. கத்தரிக்காய்ப் பால்கறி சொன்ன அதே குரல். "அந்தத் தாய்க்கு ஒரு தங்கச்சி இருக்கு."

"படத்தில தங்கச்சி இல்லை அக்கா."

"என்ர முடிவில இருக்கு. நீ கேள். அந்தத் தங்கச்சியிட்ட டொக்டர் எல்லாம் சொல்லிப்போட்டார். அது வாயைத் திறக்குதில்லை. படத்துக்குக் கூட்டிக்கொண்டு போகுது, ரோல்ஸ் வாங்கித் தருது. சின்னனில இருந்து அதுக்குப் பொய் சொல்ல வராது. மூக்கு சிவந்திடும்."

நான் மூக்கைத் துடைத்தேன். சிவந்துதான் இருந்திருக்கும்.

"அப்ப தாய் என்ன செய்வா?" என்று கேட்டேன்.

"தாய் சொல்லுவா, எடியே, எனக்கு இனி ஊசி வேண்டாம். உன்ர ஏசி அறையும் வேண்டாம். என்னை என்ர வீட்ட கொண்டுபோய் விடு. அந்தப் பெடியன் வரேல்லை எண்டு தாய்க்கு அவனில கோவம் இல்லை. தங்கச்சி சொல்லேல்லை எண்டு தங்கச்சியிலயும் கோவம் இல்லை. பாவம், அதுகள் என்ன செய்யும்? அவ்வளவுதான்."

"பிறகு?"

அக்கா குடாவுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். எங்கள் ஊர் இருக்கிற திசையில் ஒரு கோடு மாதிரிக் கரை தெரிந்தது.

"பிறகென்ன. எல்லாரும் வீட்ட போய்ச் சோறு திண்டதுகள்."

நான் அவள் மடியில் முகத்தை வைத்து அழுதேன். ஐம்பத்தெட்டு வயதுப் பொம்பிளை, பட்டப்பகலில், தூண்டில்காரருக்கு முன்னால். அக்கா என் முதுகில் தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "போதும் வசந்தி, சீலை நனையுது, பஸ்ஸில காத்துக் குத்தும்" என்றாள்.

அன்று பின்னேரம் நான்தான் அவளைக் கட்டைபறிச்சானுக்குக் கொண்டுபோய் விட்டேன். விட்டுவிட்டு வரவில்லை. அங்கேயே நின்றுவிட்டேன். பஸ்ஸில் என் தோளில் நித்திரையாகிப் போனவள் கிண்ணியாப் பாலத்தில் விழித்தாள். தண்ணீரைப் பார்த்தாள். "பாலம் நல்லம்தான். ஆனா ஒரு முடிவு சொல்ல நேரம் காணாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கண்ணை மூடினாள்.

சோறு

மாரி மழை தொடங்குவதற்கு முன்னால் அக்கா போனாள். டொக்டர் சொன்னதை விடக் கொஞ்சம் முந்தி. வீட்டில், தன் கட்டிலில், சுதா ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்திருக்க. கடைசி இரண்டு நாளும் பேசவில்லை. அதற்கு முதல் பேசியது எல்லாம் ஆட்டுக்குக் குழை போட்டாச்சா என்பது போன்ற கதைகள்தான். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதை ஜெட்டியில் சொல்லிவிட்டாள்.

ஆண்கள் சுடலைக்குப் போய்த் திரும்பினார்கள். நாங்கள் தலை முழுகிவிட்டு வந்தோம். செத்த வீட்டில் அன்று அடுப்பு மூட்டுவதில்லை. பந்தலுக்குக் கீழே கதிரைகளில் சனம் இருந்தது. சுதா விறாந்தையில் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். காலையிலிருந்து நாங்கள் இருவரும் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கவில்லை. எனக்குப் பசி என்ற ஒன்றே மறந்துபோயிருந்தது. அக்கா இல்லாத குசினிப் பக்கம் பார்க்கவே எனக்கு ஏலாமல் இருந்தது.

வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. லத்தீபு நானா இறங்கினார். மீசை முழுக்க வெள்ளை. நடக்கத் தடி தேவைப்பட்டது. ஓட்டோக்காரர் பின்னால் இருந்து ஒரு பெரிய சோற்றுப் பானையையும் இரண்டு சட்டிகளையும் இறக்கினார்.

"மரக்கறிதான் தங்கச்சி. சட்டி பானை புதுசு, மீன் இறைச்சி படாதது. இண்டைக்கு எங்கட வீட்டில மீன் வாங்கேல்லை" என்றார்.

"நானா, ஒருத்தருக்கும் சாப்பிட ஏலாது. வையுங்கோ, பிறகு பாப்பம்."

அவர் வற்புறுத்தவில்லை. கதிரை ஒன்றை இழுத்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். தொப்பியைச் சரிசெய்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"கடைசியா நீங்க ரெண்டு பேரும் டவுனில ஒரு படம் பார்த்த எண்டு சுதா சொன்னா. இடையில எழும்பி வந்த எண்டும் சொன்னா. அதுக்கு என்ன முடிவு சொன்னவ?"

நான் சொன்னேன். பெடியன் வந்து சேராததைச் சொன்னேன். தாய் சாவதைச் சொன்னேன். படத்தில் இல்லாத தங்கச்சியைச் சொன்னேன். ஊசியும் வேண்டாம் ஏசியும் வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோய் விடு என்று அவள் கேட்டதைச் சொன்னேன். யாரிலும் கோபம் இல்லை என்றதையும் சொன்னேன். சுதா எழும்பி வந்து பக்கத்தில் நின்று கேட்டாள். பந்தலில் இருந்த சனமும் கேட்டது.

"பிறகு?" என்றார் நானா.

எவ்வளவு முயன்றும் அந்தக் கடைசி வசனம் வரவில்லை. அது அவளுடைய வசனம்.

லத்தீபு நானா தடியை ஊன்றி எழும்பினார். பானையின் மூடியைத் திறந்தார். சூடான சோற்றின் ஆவி பந்தலுக்குள் வந்தது. அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த நாளில் சுக்கானைப் பிடித்தபடி பேசுவதைப் போலத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"பிறகென்ன தங்கச்சி. எல்லாரும் சோறு திண்டதுகள்."

சுதா உள்ளே போய்ச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கொண்டுவந்தாள். நான் கை கழுவிவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.